மிலானில் ஒரு தையற்காரரின் பட்டியல்

அக்டோபர் 24, வியாழன்

மிலானில் நாங்கள் தங்கிய அறை, ஓய்வுபெற்ற தையற்காரப் பெண்மணி ஒருவரின் வீட்டில் இருந்தது. எழுபதைக் கடந்தவர், பெரிய ஆடை நிறுவனங்களுக்கு மாதிரி உடைகள் தைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் இளமை முழுவதையும் கழித்தவர். ஊர் வழக்கப்படி அவரைச் சின்யோரா என்றே அழைத்தோம். பெட்டிகளை இறக்கி வைப்பதற்குள் என் கணவருடைய கோட்டின் விளிம்பைப் புரட்டிப் பார்த்து, "லைனிங் கைத்தையல், நல்லது" என்று சொல்லிவிட்டு, சமையலறை மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தம் வீட்டில் தங்க வருபவர்களுக்கு அவர் கையால் எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. கடைகள், உணவகங்கள், பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் கலந்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முகவரிக்குப் பதிலாக ஒரு கட்டளை. நின்றுகொண்டு குடிக்கவும். எட்டு மணிக்கு முன் போகவும். திங்களன்று போக வேண்டாம். வாசலில் நின்று பார்த்தால் போதும்.

நின்றுகொண்டு குடிப்பதன் காரணம் அரை மணி நேரத்தில் விளங்கியது. தேவாலயச் சதுக்கத்துக்கு அருகில் ஒரு காப்பிக் கடையில், கல்லாவின் பின்னால் மாட்டியிருந்த விலைப்பலகையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு விலைகள் இருந்தன. மேடையருகே நின்று குடித்தால் எஸ்பிரெசோ 1.30 யூரோ, வெளியே மேசையில் அமர்ந்தால் 4 யூரோவைத் தாண்டுகிறது. உள்ளூர்க்காரர்கள் நுழைகிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள், இரண்டு மடக்கில் குடிக்கிறார்கள், சில்லறையை வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. அழகாகத் தைத்த கம்பளிக் கோட்டு அணிந்த ஒரு முதியவர், தோளில் பெயிண்ட் படிந்த ஒரு தொழிலாளி, அலுவலகப் பெண்கள் இருவர் என்று ஒரே மேடையில் முழங்கையோடு முழங்கை உரச நின்றவர்களுக்கெல்லாம் ஒரே விலைதான்.

மாலையில் தூறல். நகரின் தலைமைத் தேவாலயமான துவோமோவுக்கு அருகிலுள்ள தெருவில் இருக்கும் லுயினி கடைக்குப் பட்டியல் எங்களை அனுப்பியது. தக்காளியும் மொத்சரெல்லாவும் வைத்து மடித்துப் பொரித்த பான்செரொத்தோ அங்கே பேர்போனது. இது மிலானின் பண்டமே அன்று. தெற்கே புலியா மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் கொண்டுவந்தது. வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தாலும் விறுவிறுவென்று நகர்ந்தது. "முதல் கடியை ஓரத்தில் கடிக்கவும், நடுவில் கடித்தால் சட்டை போய்விடும்" என்று சின்யோரா எழுதியிருந்ததை என் கணவர் படிக்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

காலை ஏழரைக்கு விட்டோரியோ இமானுவேலே கலேரியாவில் நின்றோம். துப்புரவு இயந்திரம் ஒன்று தரையைக் கழுவிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர அங்கே அலுவலகத்துக்கு விரைகிறவர்கள் சிலர் மட்டுமே இருந்தார்கள். 1865-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கண்ணாடிக் கூரை அங்காடியை வடிவமைத்த ஜுசெப்பே மெங்கோனி, வேலை முடியும் தறுவாயில், 1877 டிசம்பரில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். இங்கே எந்தக் கடையாக இருந்தாலும் பெயர்ப்பலகையில் கறுப்புப் பின்னணியில் பொன்னெழுத்துகள்தாம் இருக்க வேண்டும் என்பது நகராட்சியின் விதி. எத்தனை பெரிய வணிகப் பெயரும் தன் சொந்த நிறத்தோடு இங்கே கத்த முடியாது. 1913-இல் தோல்பைகளும் பயணப் பெட்டிகளும் விற்கத் தொடங்கிய பிராடா குடும்பத்தின் முதல் கடை இன்னும் அதே மூலையில் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு கைப்பையின் விளிம்புத் தையலை எண்ணிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை குத்து என்று பார்ப்பது என் பழைய பழக்கம். காவலர் உள்ளிருந்து புன்னகைத்தார், கதவைத் திறக்கவில்லை.

தரையில் தூரின் நகரச் சின்னமான காளையின் உருவம் கற்பதிப்பாக இருக்கிறது. அதன் மர்ம உறுப்பின் மேல் குதிகாலை ஊன்றி மூன்று சுற்றுச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று பயணிகள் சுற்றிச் சுற்றி அங்கே ஒரு குழியையே உண்டாக்கியிருக்கிறார்கள். பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

டாவின்சியின் 'இறுதி விருந்து' ஓவியத்துக்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம்தான். நாங்கள் போகும் நாட்களுக்கான சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தன. சின்யோராவிடம் சொன்னபோது அவர் சிறிதும் வருந்தவில்லை. "அதே தெருவில் சான் மவுரிட்சியோ இருக்கிறது. கட்டணமும் இல்லை, யாரும் துரத்தவும் மாட்டார்கள்" என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தேவாலயத்தைத் தாண்டி நடந்துபோய்விடுவோம். சாம்பல் நிறக் கல் முகப்பு, அவ்வளவுதான். உள்ளே காலடி வைத்ததும் சுவர், தூண், வளைவு என்று ஒரு சாண் இடம் மிச்சமில்லாமல் 16-ஆம் நூற்றாண்டின் சுவரோவியங்கள். ஓவியர் பெர்னார்தினோ லுயினியும் அவருடைய மகன்களும் வரைந்தவை பல. ஒரு குறுக்குச் சுவர் கட்டடத்தை இரண்டாகப் பிரிக்கிறது: முன்பகுதி ஊராருக்கு, பின்பகுதி வெளியே வரக்கூடாத பெனடிக்டின் கன்னியருக்கு. கன்னியர் பகுதிதான் இன்னும் செழிப்பானது. அங்கே நோவாவின் பேழைக்குள் விலங்குகள் இணை இணையாக ஏறுகின்றன. ஒற்றைக் கொம்புக் குதிரைகளும் அந்த வரிசையில் இருக்கின்றன. காவலுக்கு இருப்பவர்கள் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். அவர்களில் ஒரு பெரியவர் எங்களை அழைத்துக் கொம்புக் குதிரைகளைச் சுட்டிக்காட்டிவிட்டு, எங்கள் முகத்தில் வியப்பு வரும் வரை காத்திருந்து, திருப்தியோடு தம் நாற்காலிக்குத் திரும்பினார்.

வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. ஈரமான கருங்கல் பாவிய சந்தில் என் வலது காலணியின் அடித்தோல் முன்பக்கத்திலிருந்து பிளந்து, அடிக்கொரு தரம் தட்டத் தொடங்கியது. பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் கடை குறிக்கப்பட்டிருந்தது. சுற்றுலாப் பயணிக்கு எதற்கு இது என்று காலையில் சிரித்திருந்தோம். ஆளுயரக் கதவு, உள்ளே இரண்டு பேர் நிற்க இடம். கழுத்துப்பட்டையும் அதன் மேல் தோல் ஏப்ரனும் அணிந்த மனிதர், காலணியை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பழைய பசையை நகத்தால் உரித்து, அரத்தால் இரு பக்கமும் தேய்த்து, புதுப் பசை தடவினார். உடனே ஒட்டவில்லை. ஒட்டும் முன் பசை காய வேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நான் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்து, கால் வைத்துக்கொள்ள ஒரு நாளிதழை மடித்துத் தரையில் போட்டார். பசை காய்ந்ததும் அச்சில் மாட்டி இறுக்கி, முனையில் நான்கு தையல் போட்டு, பிறகு கேட்காமலேயே இடது காலணியையும் கழற்றச் சொல்லி இரண்டுக்கும் மெருகு ஏற்றினார். கூலி 12 யூரோ. மெருகுக்குக் காசு கொடுக்க முயன்றபோது, ஒன்று பளபளத்து மற்றொன்று மங்கலாக இருந்தால் தமக்குத்தான் அவமானம் என்பதுபோல் கையை உதறினார்.

அருகிலேயே 1824 முதல் நடக்கும் மார்கேசி இனிப்பகம். மரக் கூரையும் பழைய கண்ணாடி அலமாரிகளுமாக உள்ளே மாறாமல் இருக்கிறது. நின்றுகொண்டே காப்பி, ஒரு சின்னப் பழ டார்ட். சின்ன டார்ட்டையும் தட்டில் வைத்து, காகித நாப்கினை முக்கோணமாக மடித்து வைத்தே தருகிறார்கள்.

இரவு உணவில் ஒரு சங்கடம் காத்திருந்தது. நான் சைவம். குங்குமப்பூச் சோறான மிலான் ரிசோத்தோ எனக்கு ஒத்துவரும் என்று நம்பி வந்திருந்தேன். பணியாளர் என் ஆர்டரைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, இறைச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்டார். முறைப்படி செய்யும் ரிசோத்தோவில் மாட்டின் எலும்பு மஜ்ஜையை வெண்ணெயோடு சேர்த்து உருக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில்தான் அரிசியை வேக வைக்கிறார்கள். துவோமோவின் கண்ணாடி ஓவியங்களுக்குக் குங்குமப்பூவால் வண்ணம் கூட்டிய ஒரு சீடன், 1574-இல் தன் குருவின் மகள் திருமணத்தில் விளையாட்டாகச் சோற்றிலும் அதைக் கலந்துவிட்டான் என்பது ஊர்க்கதை. அந்தக் கதையில் எலும்பு மஜ்ஜை வருவதில்லை. பணியாளர் அதோடு விடவில்லை. பர்மேசான், கிரானா பதானோ போன்ற பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதுண்டு, அதையும் தவிர்ப்பீர்களா என்று கேட்டார். எத்தனையோ ஊர்களில் சைவம் என்று சொல்லிவிட்டு மீன் வந்து சேர்ந்த அனுபவம் உடையவளுக்கு அந்தக் கேள்வியே வயிற்றை நிறைத்தது. அவர் சமையலறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து, கீரையும் வெள்ளை அவரையும் வதக்கியது, சுட்ட பூசணி, ரொட்டி என்று உணவகத்தின் உணவுப் பட்டியலில் இல்லாத ஒரு தட்டைக் கொண்டுவந்தார். 11 யூரோ. பில்லில் ஆளுக்கு 2.50 யூரோ 'கொபெர்த்தோ' என்று இருந்தது: மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமான கட்டணம். இத்தாலியில் இது வழக்கம். சண்டை போட வேண்டாம்.

அக்டோபர் 26, சனி

இந்தப் பயணத்தில் ஒரு நாளை மட்டும் திரும்ப வாழலாம் என்றால் இன்றைய காலையைக் கேட்பேன்.

பட்டியலின் முதல் வரியே வியாலே பாப்பினியானோ சந்தைதான். சாந்தகோஸ்தினோ மெட்ரோ நிலையத்தின் வாசலிலேயே, செவ்வாயும் சனியும், சாலை நடுவில் நீளமாகக் கூடாரம் போட்டுக் கூடுகிறது. மெட்ரோ சீட்டு 2.20 யூரோ. உலகின் விலையுயர்ந்த கடைத்தெருக்களில் ஒன்றான மோந்தேநப்போலியோனே இதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் நன்றாக உடுத்துகிற மிலான்காரர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டால் சின்யோரா இங்கேதான் கையைக் காட்டுகிறார். இன்று அவரே எங்களோடு வந்தார். உதட்டுச் சாயம், கழுத்தில் பட்டுச் சவுக்கம், கையில் காய்கறிக்கான சக்கரப் பை.

பழக்கடைகளையும் மீன்கடைகளையும் நிமிராமல் கடந்து, துணிக்கடைகள் தொடங்கும் இடத்தில் அவர் நடை மெதுவானது. "எல்லாம் பத்து யூரோ" என்று எழுதிய அட்டைக்குக் கீழே கம்பளிச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. சுற்றி நின்ற பெண்கள் யாரும் சட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் உள்ளே வெளியாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சின்யோரா ஒன்றை எடுத்தார். அக்குள் தையலை இரு கட்டைவிரல்களாலும் இழுத்தார், நூல் பல்லைக் காட்டியது, தூக்கிப் போட்டார். அடுத்ததில் தோள் இணையும் இடத்தைத் தடவினார். வெட்டி ஓவர்லாக் அடித்தது, போட்டார். மூன்றாவதில் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் கழுத்தோரம் வைத்து ஒரு கணம் கண்ணை மூடினார். கையால் தொட்டுப் பார்ப்பது போதாது, கை முரடாகிவிட்டது, கழுத்துதான் பொய் சொல்லாது என்றார். கழுத்துப்பட்டையில் முத்திரைத் துணி வெட்டப்பட்ட இடத்தில் இரண்டு நூல் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. யாருடைய சரக்கு என்று விற்பவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நான் ஒரு கோடுபோட்ட சட்டையைத் தேர்ந்தெடுத்து நீட்டினேன். பக்கத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அவர் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன்; பொருந்தின. காஜாவையும் பார்த்திருந்தேன், இருபுறமும் அடர்த்தியாக இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, தையல் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதுவரை கணவரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அவரை ஒரு சுமைதூக்கியாகவே நடத்தினார்.

கூட்டம் பொறுமையானது. ஒரே சட்டையை இரண்டு பேர் பிடித்துவிட்டால், யார் முதலில் தொட்டார்கள் என்ற வழக்கு ஒரு நிமிடம் நடக்கும். தோற்றவர் "உங்களுக்குத்தான் பொருந்தும்" என்று சொல்லிவிட்டு விலகுகிறார். பேரம் இல்லை. கேட்டால் விற்பவர் காதில் விழாததுபோல் வேறு பக்கம் கூவுகிறார். மூன்று சட்டைகளுக்கு 30 யூரோ கொடுத்தேன். திரும்பும்போது சின்யோரா பூசணிக்காய்த் துண்டு ஒன்றை வாங்கினார். அங்கேயும் முதலில் அடிப்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்த்தார்.

பிற்பகலில் நகரின் தெற்கே ஃபொந்தாசியோனே பிராடா. 1910-களில் கட்டிய பழைய சாராய ஆலையை, கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் மாற்றியமைத்து 2015-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். ஒரு கட்டடத்தை முழுக்க 24 காரட் தங்கத் தகட்டால் போர்த்தியிருக்கிறார்கள். மழைமேகத்துக்குக் கீழே அது மஞ்சளாக இல்லாமல் ஒருவிதப் பழுப்பாகத் தெரிந்தது. இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் வடிவமைத்த பார் லூச்சே உணவகமும் இங்கேதான். அதன் கூரையில் கலேரியாவின் கண்ணாடி வளைவைச் சிறிதாக வரைந்திருக்கிறார்கள். எனக்கு அது படப்பிடிப்புத் தளம் போலிருந்தது. வந்தவர்கள் குடிப்பதை விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்யோராவின் குறிப்பு: மழை பெய்தால் மட்டும். மழை பெய்தது, போனோம்.

அங்கிருந்து சிறிது தொலைவில் போன்வினி என்ற எழுதுபொருள் கடை, 1909 முதல். பேனா முனைகள் நிறைந்த மர இழுப்பறைகளும் பழைய அச்சு இயந்திரங்களும் உள்ளே உண்டு. தங்கக் கட்டடத்தைவிட இங்கே அதிக நேரம் நின்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கைப்பேசிகள் தாமாக மாறிக்கொண்டன; சமையலறைச் சுவர்க் கடிகாரம் மாறவில்லை. ஆகவே சின்யோரா எட்டு மணிக் காலை உணவை ஏழுக்கே மேசையில் வைத்துவிட்டு, நாங்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டி, எங்கள் பங்கு ரொட்டியை மூடிவைத்துவிட்டு பூசைக்குப் போய்விட்டார். அங்கே தேவாலயம் பூட்டியிருந்ததாம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால் நவிலியோ கிராந்தே கால்வாயின் இரு கரைகளிலும், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பழம்பொருள் சந்தை. இந்தக் கால்வாயை 12-ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கினார்கள். 1386-இல் தொடங்கிய துவோமோவுக்கு வேண்டிய இளஞ்சிவப்பு கலந்த வெண்சலவைக்கல் கந்தோலியாவில் வெட்டப்பட்டு, மஜ்ஜோரே ஏரி, திச்சினோ ஆறு, பிறகு இந்தக் கால்வாய் என்று நீர்வழியாகவே நகருக்குள் வந்தது. மலைக்கல்லைப் படகில் ஏற்றிக் கடலில்லாத ஊருக்குக் கொண்டுவந்த துணிச்சலை நினைத்துக்கொண்டே நடந்தால், கால்வாயின் அகலம் ஏமாற்றம் தருகிறது. நகர மையத்தைச் சுற்றியிருந்த நீர்வளையத்தை 1929 முதல் மூடிச் சாலையாக்கிவிட்டார்கள்.

கரையோரம் விக்கோலோ தேய் லவந்தாய் என்ற சந்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, துணி துவைக்கும் சாய்வான கல் வரிசை அப்படியே இருக்கிறது. மண்டியிட்டுத் துவைத்தவர்களின் முழங்கால் பட்டுக் கல்லின் ஓரம் வழவழப்பாகியிருக்கிறது என்று நான் சொன்னேன். இல்லை, நேற்றிலிருந்து பெய்த மழைதான் என்றார் கணவர்.

சந்தையில் விலைகள் காலையில் ஏறுமுகம், நான்கு மணிக்கு மேல் இறங்குமுகம். முத்துச்சிப்பிப் பொத்தான்கள் ஆறு, பழைய அட்டையில் வைத்துத் தைத்தபடியே கிடைத்தன, 8 யூரோ. ஐந்து போதும் என்று கேட்டேன். அட்டையைப் பிரித்தால் அது வெறும் பொத்தான்தான் என்று விற்ற பெண்மணி மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான், ஆறையும் வாங்கினேன். சூடாகச் சுட்ட கஷ்கொட்டை ஒரு கூம்புப் பொட்டலம் 5 யூரோ, பாதி கருகல். கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் உணவகங்களைப் பட்டியல் ஒரே கோடாக அடித்திருந்தது. ஆயினும் கால் வலியால் ஒன்றில் அமர்ந்தோம். குழைந்த பாஸ்தா, 16 யூரோ. தண்ணீருக்குத் தனி.

அக்டோபர் 28, திங்கள்

பிரேரா ஓவியக்கூடம், சான் மவுரிட்சியோ, நினைவுக் கல்லறைத் தோட்டம் எல்லாமே இன்று மூடியிருக்கும். பல கடைகள் பிற்பகலில்தான் கதவைத் திறக்கின்றன. பட்டியலில் இந்த நாளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது: வாசல்கள்.

பலெஸ்த்ரோ மெட்ரோவிலிருந்து சில நிமிட நடையில் கார் சத்தமே கேட்காத தெருக்கள் தொடங்குகின்றன. வியா கப்புச்சினி என்ற தெருவில் ஒரு மாளிகையின் இரும்புவேலிக்கு அப்பால், நகரின் நடுவே, பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. பாலாடைக்கட்டித் தொழிலதிபர் ஒருவர் வாழ்ந்த வில்லா இன்வெர்னிட்சியின் தோட்டம் அது. வேலியின் இலைத்திரைக்குள் ஓர் இடைவெளியைத் தேடி, முறை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் கைப்பெட்டியோடு நின்ற ஒரு மனிதர் தன் முறை முடிந்ததும் "இன்று எல்லாம் வெளியே வந்திருக்கின்றன" என்று தகவல் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

வியா செர்பெல்லோனியில், 10-ஆம் எண் வீட்டின் சுவரில் ஒரு பெரிய வெண்கலக் காது பதித்திருக்கிறது. சிற்பி அதோல்ஃபோ வில்த் செய்தது. ஒரு காலத்தில் வாயிற்காப்போனை அழைக்கும் பேச்சுக்குழாயாகவே இயங்கியது. இப்போது வருகிறவர்கள் அதில் வேண்டுதல்களைக் கிசுகிசுக்கிறார்கள்.

இந்த ஊரின் அலங்காரம் முழுவதும் உள்பக்கம் தைத்த லைனிங் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். தெருவைப் பார்த்த முகப்புகள் சாம்பலும் வெளிர்மஞ்சளுமாக, அடக்கமாக நிற்கின்றன. ஒரு கார் வெளியேறுவதற்காகக் கதவு திறக்கும்போது, உள்ளே பச்சை, சிவப்புப் பளிங்குத் தரையும், பித்தளை வளைவுப் படிக்கட்டும், முற்றத்து மரமும் ஐந்து விநாடி தெரிந்து மறைகின்றன. அப்படித் திறந்திருந்த ஒரு கதவருகே தயங்கி நின்றபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வாயிற்காப்பாளப் பெண்மணி எங்களை மேலும் கீழும் பார்த்தார். துரத்தப் போகிறார் என்று நினைத்தோம். அவர் மிதியடியைக் காலால் தள்ளி எங்கள் பக்கம் நகர்த்தி, "இதற்கு மேல் வராதீர்கள், ஈரம்" என்று சைகை செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மிதியடியின் மேல் இருவரும் ஒட்டி நின்று, கூரையின் வார்ப்பு வேலைப்பாட்டைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம்.

மாலை 'பார் பாஸோ' என்ற மதுக்கூடம். 1970-களின் தொடக்கத்தில் மதுக் கலவை ஒன்றில் ஜின்னுக்குப் பதிலாக நுரைக்கும் ஒயினை ஊற்றி, அந்தப் பிழையையே புகழ்பெற்ற பானமாக்கிய இடம் என்று சொல்கிறார்கள். கணவருக்கு அதைத் தலையளவு கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தார்கள். எனக்கு மது கலவாத ஆரஞ்சு நிறக் கசப்புப் பானம். கூடவே ஆலிவ், உருளை வறுவல், கடலை. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலிகளை இழுத்து எங்களுக்கு இடம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

பிரேரா ஓவியக்கூடத்தில் ரஃபேல் இருக்கிறார், கரவாஜ்ஜோ இருக்கிறார், காலடியிலிருந்து பார்ப்பதுபோல் குறுக்கி வரைந்த மாந்தேன்யாவின் இறந்த கிறிஸ்து இருக்கிறார். ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையையே கண்ணாடி அறையாக நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் எழுதியிருந்தது 1859-இல் பிரான்செஸ்கோ ஹயேஸ் வரைந்த 'முத்தம்' பற்றி மட்டுமே: "முத்தத்தைப் பார்க்க வேண்டாம். பட்டைப் பார்."

பார்த்தேன். அந்தப் பெண்ணின் வெளிர்நீலப் பட்டு உடையில், இடுப்புக்குக் கீழே பின்புறம் சரியும் மடிப்புகளில், வெளிச்சம் ஒவ்வொரு முறிவிலும் திசை மாறுகிறது. கனமான பட்டு எப்படிக் கூர்மையாக ஒடிந்து, ஒடிந்த இடத்தில் வெள்ளையாகவும் அடுத்த விரற்கடையில் சாம்பலாகவும் தெரியுமோ, அப்படியே இருக்கிறது. மெல்லிய பட்டாக இருந்தால் மடிப்புகள் வழிந்திருக்கும், இது நிற்கிறது. துணியின் எடையை ஓவியர் தொட்டுப் பார்த்தே வரைந்திருக்க வேண்டும். பள்ளிக் குழந்தைகளின் குழு ஒன்று வந்து முத்தத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. நான் பட்டின் கீழ்விளிம்பு வரை போய்த் திரும்பினேன்.

பிற்பகலில், வண்டியில் ஏறுவதற்கு முன், 1866-இல் திறந்த நினைவுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை. மிலானின் செல்வர்கள் இறந்த பிறகும் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்த இடம். கோபுரங்கள், கோயில்கள், பிரமிடுகள். கம்பாரி குடும்பத்துக் கல்லறையின் மேல் ஆளுயர வெண்கலச் சிலைகளாக இயேசுவும் பன்னிரு சீடர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள், ஜன்னினோ காஸ்திலியோனி வார்த்த இறுதி விருந்து. சீட்டுக் கிடைக்காத எங்களுக்கு இதைத்தான் சின்யோரா ஈடாகக் குறித்திருந்தார். பதினைந்து நிமிடக் கட்டுப்பாடு இங்கே இல்லை. மேசையைச் சுற்றி நடந்து யூதாசின் முதுகையும் பார்க்கலாம்.

பட்டியலில் இரண்டு வரிகள் எஞ்சின. ஒன்று, கட்டடக் கலைஞர் பியெரோ போர்த்தலுப்பி 1930-களில் கட்டிய வில்லா நெக்கி கம்பீல்யோ. திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும், ஆகவே புதனிலிருந்து ஞாயிறுக்குள் திட்டமிடுங்கள். மற்றொன்று, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாள், புனித அம்புரோஸ் திருநாளன்று, லா ஸ்காலா இசைநாடக அரங்கின் பருவம் தொடங்கும் மாலை. உள்ளே போகும் சீட்டைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று, கார்களிலிருந்து இறங்குகிறவர்களின் உடைகளைப் பார்க்க வேண்டும், ஐந்து மணிக்கே இடம் பிடிக்க வேண்டும், குளிருக்குக் கையுறை வேண்டும் என்று மட்டும் குறித்திருந்தார்.